லீவுக்கு இன்னொரு அர்த்தம்

பாப்பா அம்மாவுக்கு,

உன் முதுகுவலி இப்போது தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரணும் என்று மறுபடியும் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் இஸ்திரி மெஷினை நிறுத்திவிட்டு, "யூ கேன் லீவ்" என்றார். லீவு கிடைத்துவிட்டது என்று லாண்டரி முழுக்க மிட்டாய் கொடுத்தேன். ஒருத்தரும் வாயில் போடவில்லை. ரூமில் கூட இருப்பவன்தான், "வேலையை விட்டே போகச் சொல்றாருடா" என்றான். அந்த வார்த்தைக்கு இப்படியும் அர்த்தமாம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் பழைய சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் அண்ணன் கடையில் ஆள் வேணுமா என்று சும்மா கேட்டு வை. பெட்டி கட்டணும், நிறுத்துகிறேன்.

அப்பாவுக்கு எத்தனை நாள் லீவு என்று பாப்பா கேட்டால், நிறைய நாள் என்று சொல்.