நம் சனத்தின் குணம்

ராசிங்காபுரம்,
4.8.2024

அன்புள்ள மனோஜ் அண்ணனுக்கு,

தங்கச்சி சுகன்யா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மூன்று தீபாவளியாக நீ ஊர்ப்பக்கம் வரவில்லை, அது ஒன்றுதான் குறை. உன் கதைப் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்ததைப் பேப்பரில் பார்த்தேன். போனில் பேசினால் பக்கத்தில் பத்துப் பேர் கேட்பார்கள் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

எங்கள் ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர் திருப்பதி உன் புத்தகத்தை வாங்கியிருக்கிறார். ஏலக்காயை மடியில் ஒளித்துக் கொண்டுபோகிறாளே ஒருத்தி, அந்தக் கதையை எடை போடுகிற இடத்தில் வைத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "உங்க ஊர்க்காரனே எழுதியிருக்கான், இது உங்க சனத்தோட குணம்னு" என்றார். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஊர் திரும்ப ஜீப்பு ஏறும் முன்னே எங்கள் மடியைத் தடவிப் பார்க்க ஒரு பெண்ணை வைத்துவிட்டார்கள். நீ என் அண்ணன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிகிற நேரம் நெருங்கினாலே என் மடியை நானே உதறிப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
சுகன்யா

சென்னை,
12.8.2024

பாசமுள்ள சுகன்யாவுக்கு,

நான் அதைப் பாசத்தோடுதான் எழுதினேன். பறிக்கிறவளுக்கு ஒரு பிடி காய் சொந்தமில்லையா என்று கேட்கிற துணிச்சல்காரி அவள். ஏலமலை மக்களின் இயல்பை அப்படியே பிடித்துவிட்டதாகப் பரிசு கொடுத்தவர்கள் சொன்னார்கள். கதையை யாராவது சாட்சியாக எடுத்துக்கொள்வார்களா? சீக்கிரம் ஓய்ந்துவிடும். பயப்படாதே.

அண்ணன்,
மனோஜ்

ராசிங்காபுரம்,
23.8.2024

அண்ணே,

ஓயவில்லை. நேற்று என்னோடு காய் பறிக்கிற செல்லக்கிளியின் மடியில் நாலு காய் இருந்தது. அவள் நாலு மாதக் கர்ப்பிணி. ஜீப்பு வளைவுகளில் குமட்டும் என்று வாயில் போட வைத்திருந்தாள். அவளைத் தனியே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "இனி சோலிக்கு வராத" என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து நின்றது நான். என் மடியில் ஒன்றுமில்லை. ஆனாலும் கை நடுங்கியது. நடுங்குகிறாளே என்று இரண்டாம் தடவையும் தடவினார்கள்.

நான் உன் தங்கச்சி என்று எப்படியோ தெரிந்துபோயிற்று. ஜீப்பில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நீ யாரைப் பார்த்து அதை எழுதினாய்? காய் பறிக்கிறவர்களில் என்னை விட்டால் உனக்கு நன்றாகத் தெரிந்தது நம் அம்மா ஒருத்திதானே. அம்மாவா?

சுகன்யா

சென்னை,
29.8.2024

சுகன்யா,

அம்மா இல்லை. யாருமே இல்லை. முதலில் எழுதியபோது அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை, வேலை முடிந்து வெறுமனே வீட்டுக்குத்தான் போனாள். பதிப்பாளர் படித்துவிட்டு, "இதில் உங்கள் மண்ணின் குணமே இல்லையே" என்றார். அவர் கேட்டதை நான் கொடுத்துவிட்டேன்.

இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது. அது முழுக்கக் கற்பனை என்று உங்கள் முதலாளிக்குக் கையெழுத்திட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் வந்து செல்லக்கிளியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மனோஜ்

ராசிங்காபுரம்,
8.9.2024

அண்ணே,

உன் கடிதம் முதலாளிக்குக் கிடைத்துவிட்டது. திருப்பதி அதையும் எங்கள் முன்னால் வாசித்தார். "தங்கச்சிக்காக அண்ணன் பொய் சொல்றான் பாரு. ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டாங்க, அதுவும் இவங்க குணந்தான்" என்றார். முதலாளி சிரித்தார்.

நீ வர வேண்டாம். வந்தால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள். செல்லக்கிளி கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். நான் இன்னும் தினமும் காலையில் அதே ஜீப்பில் ஏறிப் போகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எங்களைப் பற்றி எழுதாதே. நாங்கள் நல்லவர்கள் என்றுகூட எழுதாதே.

சுகன்யா