மூன்று மூச்சும் ஒரே அளவு

மியோஷி
3 அக்டோபர் 1994

அன்புள்ள டோகுஸோவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன கேடு. இங்கே குளிர் இறங்கிவிட்டது.

என் வண்டி கிளம்பவில்லை. நாம் இருவரும் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று எஞ்சின் கோத்த காலத்தில் வாங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி மானத்தை வாங்கியதில்லை. ஸ்டார்டர் சுற்றுகிறது, பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது, பற்ற மட்டும் மாட்டேன் என்கிறது. இந்த ஊர் மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன பெரியவரே, இதுல பிஸ்டனையே காணோமே!” என்றான். முக்கோண உருளை சுழல்கிற ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனைத் தேடுகிறவனிடம் என்ன பேசுவது? அனுப்பிவிட்டேன்.

நவம்பர் பதினைந்து, பேத்தி சிகாகேவுக்கு ஏழு வயதுச் சடங்கு. கிமோனோ உடுத்தி, மலைக்கோயிலுக்கு என் வண்டியில்தான் வருவாளாம். சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. ஆகஸ்டில் கணவாய் வளைவில் எனக்கு ஒரு நொடி கண் இருட்டி, வண்டி தடுப்புக் கம்பியில் உரசிவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்காரி ஃபுமியே, “லைசென்ஸைக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க” என்று பிடுங்கி எடுக்கிறாள். டாக்டரும் அவள் பக்கம். மகள் காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று ஃபுமியேவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசினால் இவள் ஒட்டுக்கேட்பாள், அதனால் எழுதுகிறேன். சீக்கிரம் வழி சொல்.

யசுஜி


குரே
8 அக்டோபர்

அடேய் யசுஜி,

கண் இருட்டியது ஒரு நொடிதானா? மீன் பிடிக்கப் போனால் சாண் மீனை முழ மீன் என்பவன் நீ. இதில் மட்டும் குறைத்துச் சொல்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். டாக்டர் சொல்வதைக் கொஞ்சம் காதில் வாங்கு.

வண்டிக்கு வருகிறேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, சூடேறும் முன் யாரோ அணைத்திருக்கிறார்கள். உள்ளே பெட்ரோல் தேங்கி பிளக் எல்லாம் நனைந்துவிட்டது. நான்கையும் கழற்றித் துடைத்து உலர்த்து. பெட்ரோல் பம்ப் வயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்டரைச் சுற்றினால் தேங்கியது வெளியேறும். திரும்ப மாட்டும்போது கவனம். கீழ் பிளக் முதலில் பொறி விடும், மேல் பிளக் ஒரு கணம் பிந்தும். வயர் மேல் கீழாக மாறினால் பட்டாசுதான். அதற்கும் பிறகு ஐந்து நிமிடம் ஓடி நின்றுபோனால், வண்டிக்கு அடியில் ரப்பர் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா பார்.

சிப்பிப் பருவம் தொடங்கிவிட்டது. ஃபுமியேவுக்கு ஒரு டப்பா தனியே அனுப்பியிருக்கிறேன், நீயே தின்று தீர்க்காதே.

டோகுஸோ


மியோஷி
27 அக்டோபர்

டோகுஸோ,

நீ மனிதனா, குறி சொல்கிறவனா? “ஷெட் பெருக்கறதுக்காக ரெண்டு சாண் நகர்த்தினேன்” என்று ஃபுமியே ஒப்புக்கொண்டாள். பிளக்கை உலர்த்தினேன், பிடித்துக்கொண்டது. ஆனால் நான்காம் நாள் டமார்! பார்த்தால் வயர்கள் மேல் கீழாக மாறியிருக்கின்றன. மாற்றி மாட்டினேன். அடுத்த வாரம் பாலம்வரை ஓடி நின்றுவிட்டது. அடியில் படுத்துப் பார்த்தேன், குழாய் மடிந்து கிடக்கிறது. நீ எழுதிய வரிசை அப்படியே நடக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வயரை நானேதான் மாற்றி மாட்டினேனா? நேற்றுச் சாப்பிடும்போது சூப் கிண்ணம் மடியில் கவிழ்ந்து கிடந்தது. எப்போது கவிழ்ந்தது என்றே தெரியவில்லை. தொடை வெந்திருக்கிறது. ஃபுமியே அழுதாள். இதை யாரிடமும் சொல்லாதே.

இன்னும் பத்தொன்பது நாள்தான். அடுத்து எதைப் பார்க்க வேண்டும், எழுது.

யசுஜி


குரே
4 நவம்பர்

யசுஜிக்கு,

யோசித்துப் பார்த்தேன். இனி எதையும் பார்க்க வேண்டாம். இப்படி ஒன்று போனால் ஒன்று வருவது உருளையின் மூன்று முனைகளிலும் காற்றை அடைக்கிற சீல் தேய்ந்ததற்கான அடையாளம். எஞ்சின் முடிந்துவிட்டது. அந்த சீல் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. விற்றுவிடு.

சிகாகே உன் மகளின் வண்டியில் போகட்டும், நீயும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள். குழந்தைக்கு எந்த வண்டியானால் என்ன? தொடைக்கு மருந்து போடு.

டோகுஸோ


மியோஷி
13 நவம்பர்

டோகுஸோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நம்பி மூன்று நாள் ஷெட் பக்கமே போகவில்லை. பிறகு மனம் கேட்கவில்லை. கீழ் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்டரைச் சுற்றவிட்டுக் காதை வைத்தேன். புஸ், புஸ், புஸ். மூன்று மூச்சும் ஒரே அளவு. அடுத்த உருளையும் அப்படியே. சீல் புதிதுபோல் இருக்கிறது.

நாற்பது வருடத்தில் யாரிடம் எதைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தாலும், எஞ்சினைப் பற்றி நீங்கள் என்னிடம் பொய் சொன்னதில்லை. அப்புறம்தான் புரிந்தது. உங்கள் கடிதங்களைப் படித்தது நான் மட்டும் இல்லை. ஃபுமியேவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஆமாங்க, வயரு, குழாய் எல்லாம் நான்தான் செஞ்சேன். நீங்க செத்துடக் கூடாதுன்னுதாங்க செஞ்சேன்” என்று காலில் விழுந்தாள். நீங்களும் கண்டுபிடித்துவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டீர்கள். கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டீர்கள், இல்லையா?

எஞ்சின் மூடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி என் கழுத்தில். நாளை மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம். மகளும் மருமகனும் முன்னால் போய்க் காத்திருப்பார்கள். சிகாகே என் பக்கத்தில் உட்காருவாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கான்பே யசுஜி


குரே
15 நவம்பர், காலை 11.40

யசுஜி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் போன் செய்தேன். ஃபுமியே எடுத்தாள். “எட்டுக்கே கிளம்பிட்டாங்க. ஒரே சுத்துல பிடிச்சுதுங்க” என்றாள். மீதியை அழுதுகொண்டே சொன்னாள்.

கோயிலிலிருந்து மகள் இரண்டு முறை கூப்பிட்டாளாம், “அப்பா எங்கம்மா, இன்னும் காணோமே?” என்று. நாற்பது நிமிட வழிதானே. இரண்டாம் முறைதான் ஃபுமியே ஆகஸ்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மருமகன் தேடிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறான்.

உன் இரண்டாம் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பழுது என் கடிதத்தைப் படித்துவிட்டு வராது; அது ஒரு கையின் வேலை. கெட்டிக்காரத்தனமாக ஒரு பொய் சொன்னால் போதும் என்று நினைத்தேன். ரோட்டரிக்காரன் காதை வைத்துப் பார்க்காமல் விடுவானா என்றுகூடத் தோன்றவில்லை, மடையன் நான். எழுதியிருக்க வேண்டியது ஒரே வரி: வண்டி நல்லா இருக்குடா, நீதான் நல்லா இல்ல. உன் மகளுக்கும் அதையே சொல்லியிருக்க வேண்டும். நீ முகம் திருப்பிக்கொள்வாயே என்று பயந்து விட்டுவிட்டேன்.

பன்னிரண்டேகால் ரயிலில் வருகிறேன். இந்தக் கடிதம் என் கையிலேயே வருகிறது. படித்துவிட்டு என்னை அடி, வாசலோடு துரத்து, எது வேண்டுமானாலும் செய். நீயும் குழந்தையும் வீட்டில் இருந்தால் போதும்.

டோகுஸோ