என் கண் உயரத்துத் துளைகள்

1956, மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

கோவளத்து சாயபு வீட்டுக்கு நான் வரைந்து கொடுத்த மரத் தடுப்பு அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு வேலை தரும் காண்ட்ராக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். நானும் நம்பினேன்.

உள்கட்டுக்குள் வெளி ஆண்கள் போகக்கூடாது. அதனால் திரைச்சீலைக்கு அளவெடுக்க, பெண் ஒருத்திதான் வேண்டும் என்று அந்த வீட்டம்மா இன்று நேராக எனக்கே ஆள் அனுப்பினார். போனால், ஹாலுக்கும் உள்கட்டுக்கும் நடுவில் என் தடுப்பு நிற்கிறது!

"இது யார் வரைந்ததும்மா?"

"காண்ட்ராக்டர்தான். அவரே நின்னு அளந்து வெச்சாராம். இன்னா பிரயோஜனம்? யாரு வந்துகீறாங்கன்னு துளை வழியா பாக்கணும்னா குனிய வேண்டிகீது."

அந்தம்மா குனிந்து காட்டினார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குக் குனியத் தேவையே இல்லை. வரையும்போது என் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று, என் கண்ணுக்கு நேரே கோடு போட்டு எடுத்த அளவு அது. குள்ளச்சி நான் செய்த தப்பு. காண்ட்ராக்டர் ஆறடி ஆள்.

திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டு திரும்பினேன். மாமல்லபுரத்து பங்களாவுக்கு வரைந்த அலமாரியும் பிடிக்கவில்லை என்றுதான் காண்ட்ராக்டர் சொன்னார். அதன் மேல்தட்டும் என் கை எட்டும் உயரம்தான்.

நாளை முதல் பஸ்ஸில் போய்க் கையை நீட்டிப் பார்க்கிறேன்.