உருண்டையில் தெரியாத ரோஜாக் கொட்டகை

8.7.2007, ஞாயிறு

ஓசூர்ச் சென்னப்பனாகிய நான் இந்த டைரிக்குச் சத்தியம் செய்து சொல்கிறேன்: இனி எழுதப்போவதை ஒருத்தனும் நம்பமாட்டான்.

தங்கச்சி ருக்மணியின் மகள் சுகுணாவைத் தரகர் மூலமாகப் பெண் கேட்டிருக்கிறார்கள். பையன் மாதேஸ்வரன். கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் ரோஜாக் கொட்டகையாம், பிளாஸ்டிக் கூரை போட்டதாம். ஆடி பிறப்பதற்குள் வீடு பார்த்து, தாய்மாமன் வாக்குக் கொடுக்க வேண்டும். அதாவது நான்.

வீடு பார்க்கப் போனால் என்ன நடக்கும்? காபி தருவார்கள். பக்கத்து வீட்டு மாட்டைக் கட்டி வைத்து நம்முடையது என்பார்கள். நானா ஏமாறுவேன்? ஆகாயத்திலிருந்து பார்க்கப் போகிறேன்.

9.7.2007

பஸ் ஸ்டாண்டு பக்கம் முனிலட்சுமியின் பிரவுசிங் சென்டர். அவள் இரண்டு வித்தை காட்டினாள். ஒன்று, ஆன்லைன் மேப். ரோடு ஒரு கோடு, அணை ஒரு நீலத் திட்டு, மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. இன்னொன்று, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த பூமி உருண்டை. அதைச் சுற்றிவிட்டதும் நட்சத்திர மண்டலத்திலிருந்து தலைகீழாக விழுந்தேன். நாற்காலிக் கையைப் பிடித்ததால் பிழைத்தேன்.

"வழி வேணும்னா மேப்பு பாருண்ணா. இடம் பாக்கணும்னா உருண்டை," என்றாள்.

கோடு போட்டவனை எப்படி நம்புவது? கோட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். உருண்டைதான் என் கட்சி.

அணைக்குப் பக்கம் மற்றவர்கள் கொட்டகையெல்லாம் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி பளீரென்று தெரிகிறது. தரகர் சொன்ன இடத்தில்? செம்மண். ராகிக் காடு. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேன், ஒரு ஆடுகூட அசையவில்லை. ஊரே மத்தியானத் தூக்கம் போல.

பிடித்துவிட்டேன் திருடனை!

10.7.2007

ருக்மணியிடம் சொன்னேன். அவள் தரகருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பரணி பாடாத குறை.

சுகுணா மட்டும் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். "மேல இருந்து பாத்தீங்க, சரி. கீழ நின்னு பாத்தீங்களா மாமா?"

இவளுக்கு என்ன தெரியும்? போன மாதம் கோயிலில் இவளும் அந்தப் பையனும் ஒரு தடவை பார்த்துப் பேசினார்களாம். அவ்வளவுதானே. — அவ்வளவுதானா?

11.7.2007

சுகுணா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். என் பக்கம் திரும்பவில்லை.

12.7.2007

சாட்சி பலமாக இருக்கட்டும் என்று, ருக்மணியை மாடியில் சிவப்புப் புடவை காயப்போடச் சொல்லிவிட்டுச் சென்டருக்குப் போனேன். உருண்டையில் எங்கள் தெருவைத் தேடினால் புடவையைக் காணோம். சரி. மாடியையும் காணோம்! போன வருஷம் கட்டிய மாடி! முதலில் முனிலட்சுமியைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் மேஸ்திரியை. அப்புறம் அமெரிக்காவை.

முனிலட்சுமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது எப்பவோ எடுத்த போட்டோண்ணா. இப்ப நடக்கறதுன்னா நெனச்சே?"

போட்டோவா?

அப்படியென்றால் அந்த ராகிக் காடு எந்த வருஷத்து ராகி? ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன். ஆடி பிறக்க இன்னும் நாலஞ்சு நாள்தான் கிடக்குது. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?

13.7.2007

இகழ்ந்த மேப்பையே பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டி.வி.எஸ்ஸில் போனேன். கோடு போட்ட இடத்தில் ரோடு இருந்தது. ரோடு முடிந்த இடத்தில் கொட்டகை இருந்தது. உள்ளே மாதேஸ்வரன், கையெல்லாம் முள் கீறல், மொட்டு வெட்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, கம்பெனி யூனிஃபார்மில் சுகுணா.

அவள்தான் முதலில் பேசினாள். "லீவு போட்டுட்டு டவுன் பஸ்ல வந்தேன் மாமா. கீழ நின்னு பாக்கலாம்னு."

பையன் கையைத் துடைத்துக்கொண்டு, போன தையில்தான் கூரை போட்டோம், அதுக்கு முன்னாடி ராகிதானுங்க என்றான். கோபமே இல்லை. அதுதான் சுட்டது. தப்பு என்னுதுதான் என்றேன். வாக்கை அங்கேயே, ரோஜாச் செடிகளுக்கு நடுவிலேயே கொடுத்தேன்.

26.8.2007, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. பந்தலில் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். விண்வெளியிலிருந்து குதித்தேன், மேகத்தில் கால் இடறியது, பையனின் நல்ல மனசு அங்கிருந்தே தெரிந்தது என்று அளந்தேன். கைதட்டினார்கள். இந்த ஊரிலேயே துப்புத் துலக்கத் தெரிந்த ஒரே தாய்மாமன் நீதாண்ணா என்றாள் ருக்மணி. சுகுணா குனிந்தபடி வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் நிஜம்: கொட்டகை இருந்தது. அதை முதலில் போய்ப் பார்த்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.