இரண்டாவது ஊசியின் திகதி

பஸ்லாவின் உம்மாவுக்கு,

ஸலாம். நீ போன் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு மாத்தளையில் ஒரு லேபில் வேலை கிடைத்திருக்கிறது. இரத்தத்தோடு புழங்கும் வேலை என்பதால் ஈரல் அழற்சிக்குத் தடுப்பூசி போட்டார்கள். என் அவசரம் உனக்குத் தெரியும்தானே. இரண்டாவது ஊசிக்குப் பத்தாம் நாளே போய் நின்றேன்.

ஊசி போடும் மிஸ் சிரித்துவிட்டார்.

"என்ன நானா, அப்பிடி என்ன அவசரம்? மொத ஊசிய ஒடம்பு இன்னும் படிச்சிட்டு இருக்கு. ஒரு மாசம் போகட்டும். இப்பவே குத்தினா சரியாப் பிடிக்காது."

"ரொம்பப் பிந்திட்டா?"

"பிந்தினாலும் மொதல்ல இருந்து தொடங்கத் தேவல்ல. ஒடம்பு மறக்காது."

கை வலி போன பிறகும் உள்ளே படிப்பு நடக்கிறதாம்! யாரிடம் படிக்கிறது, எதில் எழுதி வைக்கிறது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனை.

அப்போதுதான் விளங்கியது. நீ கோபித்துக்கொண்டு கலேவெலவுக்குப் போன மூன்றாம் நாளே உன் உம்மா வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேனே, அதுவும் அவசர ஊசிதான். பிடிக்கவில்லை.

என் கார்டில் மிஸ் அடுத்த திகதியை எழுதித் தந்தார். இதோடு என் விலாசம் எழுதிய தபாலட்டை ஒன்று வைத்திருக்கிறேன். திகதியை நீ போடு. எவ்வளவு பிந்தினாலும் சரி, அதற்கு ஒரு நாள் முந்தியும் வரமாட்டேன்.

பஸ்லாவின் வாப்பா