மட்டம் தட்டாமல் ஒரு மறுப்பு

நவம்பர் 11, 1991, திங்கள்

விடாத மழை. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். மறைமலை நகர் போய்ச் சேர ஒன்பதே முக்கால். மேனேஜர் முறைப்பு.

டிபன் நேரத்தில் அப்பா கொடுத்த கடிதத்தை ஆபீஸ் மெஷினில் டைப் அடித்தேன். என்னைப் பெண் கேட்டிருந்த செல்வத்தின் அம்மாவுக்கு, கோவளத்தில் மீன் விற்பவருக்கு. எங்கள் ஃபாக்டரி ஃபிட்டர் செல்வம், இரண்டு வருஷமாக என் மனதில் இருக்கும் செல்வம், அவனுக்கு என்னைக் கொடுக்க முடியாது என்று. முழுக்க ஆங்கிலம். ரிட்டயர்டு ஹெட் கிளார்க் அல்லவா, மறுப்பதும் மரியாதையாக இருக்க வேண்டுமாம். என் கல்யாணத்தை நானே டைப் அடித்துக் கெடுக்கிறேன். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. கோழை.

"உங்கள் குடும்பத்தை டிஸ்பாரிஜ் செய்வது என் நோக்கமல்ல" என்று ஒரு வரி. அர்த்தம் தெரியவில்லை.

மாலை அப்பாவே தபாலில் போட்டார்.

நவ. 13, புதன்

மழை விட்டது. குடை ரிப்பேர். ரேஷன் சர்க்கரை. அம்மாவுக்குத் தைலம்.

ஆபீஸ் பீரோவில் தடி அகராதி. டிஸ்பாரிஜ்: மட்டம் தட்டுவது. சரி. கீழே அது பிறந்த கதை. பழைய பிரெஞ்சில், தகுதி குறைந்த இடத்தில் கல்யாணம் செய்துவைப்பதற்குப் பெயராம். மட்டம் தட்டுவது பிறகு வந்த அர்த்தம். உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அகராதிக் கதையைச் சொல்லிக் கேட்டே விட்டேன். "மட்டம் தட்டலைன்னு சொல்ல அந்த வார்த்தைதானாப்பா கிடைச்சுது?"

"அர்த்தம் தெரியும்மா. இந்தப் பூர்வீகம் தெரியாது."

முகம் சுருங்கிவிட்டது. ரசம் வேண்டாம் என்றார். பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

நவ. 17, ஞாயிறு

வெயில்! துணி துவைத்து முடிக்கவில்லை, வாசலில் செல்வத்தின் அம்மா. தட்டில் வெற்றிலை, பூ, வாழைப்பழம். பையில் ஒரு வஞ்சிரம். கடிதம் நேற்றுதான் கிடைத்ததாம். செல்வம் டபுள் டூட்டி, இன்னும் வீடு திரும்பவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"இங்கிலீசுல, மிசின்ல அடிச்சு, எம்பேரு போட்டு வந்துகீது சார். மாட்டேன்னு சொல்றதுக்கு யாராச்சும் இம்மாம் மெனக்கெடுவாங்களா? அதான் தட்டோட வந்துட்டேன். இன்னா எழுதிகீறீங்கோ, நீங்களே படிச்சு சொல்லுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையை.

அப்பா கண்ணாடியை மாட்டினார். கடிதத்தை வாங்கினார். மனதுக்குள்ளேயே படித்துக்கொண்டு போனார். பாதியில் கண் நின்றுவிட்டது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். கடிதத்தை மடித்தார்.

"பையனை அழைச்சுக்கிட்டு வீட்டுக்கு வாங்கன்னு எழுதியிருக்கேம்மா."

அப்படி ஒரு வரியே அதில் இல்லை.