புளி மண்டித் தராசில் ஒரு கொசுறு

என் பிரியமான மச்சான் முனிரத்தினத்துக்கு,

நலமா என்று கேட்கலாமா கூடாதா என்று யோசித்துப் பார்த்தேன். உயிரோடு இருந்தபோது கேட்டதற்கே, "புளி வெல எறங்கிக் கெடக்குது, இவரு நலம் கேக்க வந்துட்டாரு" என்பாய். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். இங்கே எல்லாரும் நலம். உன் தங்கை சரோஜாவுக்கு முழங்கால் வலி மட்டும் நிற்கவில்லை. மருத்துவர் நடக்கச் சொன்னார். அவள் மருத்துவர் வீடு வரைக்கும் நடந்து போய், நடக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தக் கடிதத்தை ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். நீ தனியாக எந்தக் கடிதத்தைப் படித்தாய்? மண்டியில் யாராவது உரக்கப் படிக்க, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்பதுதான் உன் வழக்கம். செய்தி இதுதான்: போட்டி இந்த வருஷமும் நடந்தது.

அந்த நாலு பேரில் உன்னை அறியாதவர்களும் இருக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். கடத்தூரில் புளி மண்டி வைத்திருந்தாய். சீசன் முடிந்து மண்டி ஓய்ந்திருக்கும் ஆடி மாதத்தில், சுற்றுவட்ட அரசுப் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகளைக் கூட்டி வினாடி வினா வைப்பாய். ஜெயித்த பிள்ளையின் மேற்படிப்புச் செலவு மண்டியுடையது. அதோடு, மண்டியின் பெரிய தராசில் ஒரு தட்டில் பிள்ளையை உட்கார வைத்து, மறு தட்டில் அதன் எடைக்கு எடை புத்தகம் வைத்துக் கொடுப்பாய். வரலாற்று வாத்தியார் என்ற ஒரே குற்றத்துக்காகக் கேள்வி கேட்கும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டாய்.

முதல் வருஷம் நடந்தது நினைவிருக்கிறதா? ஜெயித்த பெண் தட்டில் ஏறினாள். முள் நின்றது. நீ பழக்க தோஷத்தில், "சாக்குக்கு ஒரு கிலோ கழி" என்றாய். சீருடையும் செருப்பும் உனக்குச் சாக்காகத் தெரிந்திருக்கிறது. கூட்டத்திலிருந்து அந்தப் பெண்ணின் அம்மா எழுந்தாள். "ஏனுங்க மொதலாளி, எம் புள்ள என்ன புளியா? ஈரத்துக்கும் கழிச்சிருவீங்களா?" மண்டியே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. கழித்ததைத் திருப்பி வைத்து, அதற்கு மேல் ஒரு புத்தகத்தைக் கொசுறாகவும் வைத்தாய். அன்றிலிருந்து அது சட்டம்: மண்டியில் பிள்ளைக்குக் கழிவு கிடையாது, கொசுறு உண்டு. கொசுறு என்ன என்பதை மண்டிக்காரர் முடிவு செய்வார். அதில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

எடைக்கு எடை என்று தெரிந்த பிறகு, போட்டி மாதத்தில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு முட்டை கிடைத்தது. சத்துணவுத் திட்டத்துக்கு உன் பங்கு அது.

உன் இன்னொரு சட்டத்தைச் சொல்லாமல் இந்த வருஷக் கதையைச் சொல்ல முடியாது. மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளையும், மண்டியில் வேலை செய்பவர்களின் பிள்ளையும் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. "எங்க ஆளு ஜெயிச்சா, தராசு பொய்னு சொல்லிருவான் மச்சான்" என்றாய். அந்தச் சட்டம் முதலில் விழுந்தது உன் ஒரே மகள் தேன்மொழி மேல்தான். பரிசுக்கு வந்து இறங்கும் புத்தகங்களையெல்லாம் கட்டுப் பிரித்துப் படித்துவிடுகிற பெண். நான் கேள்வியை முடிப்பதற்குள் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அவள் பதில் வரும். நீ கோபமாக, "உள்ள போ கண்ணு" என்பாய். அவள் பின் கொட்டகைக்குப் போய், புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்களோடு உட்கார்ந்துகொள்வாள். "புள்ள ஏங்குது மச்சான்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஏங்கட்டும். தராசு ஏங்கக் கூடாது" என்றாய்.

நீ போன பிறகு மண்டியை அவள்தான் பார்க்கிறாள். வியாபாரம் எலக்ட்ரானிக் தராசுக்கு மாறியாகிவிட்டது. உன் படத்தைக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறாள். புகைப்படத்திலும் நீ எதிரே இருப்பவரின் எடையைச் சந்தேகப்படுகிற மாதிரியே பார்க்கிறாய். ஆடி பிறந்தும் போட்டியைப் பற்றிப் பேச்சில்லை. தன்னைக் கொட்டகைக்கு அனுப்பிய போட்டியை அவள் எதற்கு நடத்த வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன். சரோஜாவோடு ஒரு நாள் மண்டிக்குப் போனேன்.

"மாமா, கேள்வி எழுத ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள், தலை நிமிராமல்.

"நடத்தப்போறியாம்மா?"

"பின்ன? இந்த வருசம் மாதம்மாக்கா பொண்ணு ரேவதியும் சேருது."

மாதம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். கொட்டகையில் புளி தட்டும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி, அவள் வாய்தான் எல்லாருக்கும் மேஸ்திரி. அவள் மகள் பிளஸ் டூவில் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் பரீட்சை முடிந்ததும் ஓசூர்க் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். படிக்க வைக்க வழியில்லை. ரேவதிக்கு இருந்த ஒரே வழி உன் மண்டியின் முதல் பரிசு. அந்த வழியை அடைத்து வைத்திருந்தது உன் சட்டம்.

"உங்கப்பா சட்டம்?" என்று இழுத்தேன்.

"அப்பாவுக்கு அது சரி மாமா. நான் கொட்டகைக்குள்ள ஒக்காந்து பாத்தவ. எனக்கு அது சரியில்ல."

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் உன் படத்தைப் பார்த்தேன். நீ எங்கள் மூவரின் எடையையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாய்.

போட்டி நாளன்று மண்டி நிரம்பியது. மேடையில் பொன்னாடை இல்லை, தலைமையுரை இல்லை, உன் ஏற்பாடுகள் அத்தனையும் அப்படியே. பட்டியலில் ரேவதியின் பெயரைப் பார்த்ததும் ஒரு தலைமையாசிரியர் எழுந்தார். எந்த ஊர் என்று எழுதினால் அவருக்குச் சங்கடம், வேண்டாம்.

"மண்டிக்காரங்க புள்ளைங்க கலந்துக்கக் கூடாதுங்கறது விதி இல்லீங்களா? உங்கப்பா இருந்திருந்தா இது நடக்குமாம்மா?"

"நடக்காதுங்க சார்" என்றாள் தேன்மொழி. "அப்பா இருந்திருந்தா நானே இங்க நிக்க முடியாது. கொட்டகைக்குப் போயிருப்பேன்."

அவர் உட்கார்ந்தார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்படி உட்காருகிறவரை நம்ப முடியாது என்பது உனக்குத் தெரியும்.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருவன் அந்தத் தலைமையாசிரியரின் மாணவன் விக்னேஷ். பென்னாகரத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை, ஆனால் பார்த்தால் ஆட்டுப்பால் முழுவதும் இவன் வயிற்றுக்கே போனது போல இருந்தான். இன்னொருத்தி ரேவதி, ஒரு மூட்டை புளியைவிட லேசு. கொட்டகைப் பெண்கள் மூச்சுவிடவில்லை. ரேவதிக்குரிய கேள்வியை எடுத்தேன். உனக்குப் பிடித்த மாதிரியான கேள்வி, ஆசையாக எழுதியிருந்தேன்.

"இந்த மண்டியின் தட்டுத் தராசை நிலவுக்குக் கொண்டு போகிறோம். அங்கே ஒரு மூட்டை புளியை நிறுத்தால், இங்கே வைத்த அதே எடைக்கல்..."

"அதே கல்லு போதும்! கல்லும்தானே எளைச்சுப் போயிரும்!"

ரேவதி வாயே திறக்கவில்லை. குரல் மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கையில் மைக்கோடு, மண்டியின் முதலாளி, போட்டியின் அமைப்பாளர், முப்பதைத் தாண்டிய பெண்மணி, உன் மகள்.

தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொன்ன பிறகு பொத்துகிற வாயால் என்ன பயன்? அப்போது கொட்டகைப் பக்கமிருந்து மாதம்மாவின் குரல் கேட்டது.

"சின்ன வயசுல அடைச்சு வெச்ச வாயி. இத்தன வருசம் கழிச்சுத் தொறந்துக்கிச்சு. தொறந்த நேரம் எம் புள்ள நேரம்!"

கேள்வியை ரத்து செய்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. மாற்றுக் கேள்வி என்றால் ஒரு வரலாற்று வாத்தியார் கைக்கு வருவது வருஷம்தான். வருஷத்தைக் கேட்டேன். ரேவதி ஒரு வருஷத்தைச் சொன்னாள், சரித்திரம் வேறொன்றைச் சொன்னது. விக்னேஷ் தன் கேள்விக்குச் சரியாகச் சொன்னான். முதல் பரிசு அவனுக்கு.

தேன்மொழி ரேவதியிடம் போய் நின்றாள். கண் கலங்கியிருந்தது உன் மகளுக்குத்தான். "விடுங்கக்கா" என்றது அந்தப் பெண். "எனக்கும் அதாங்க்கா தெரியும். எளைச்சுப் போயிருங்கற வார்த்த மட்டும் எனக்குத் தோணிருக்காது."

விக்னேஷைத் தராசில் ஏற்றினோம். புத்தகக் கட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின, தட்டு அசையவில்லை. பள்ளி நூலகத்துக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்ததும் ஏறியது. கடைசியில் முள் நேராக நின்றபோது, மண்டியில் ஒரு அகராதியைத் தவிர வேறு புத்தகம் இல்லை. தலைமையாசிரியர் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார்.

"கொசுறும்மா? உங்கப்பா கொசுறு வைக்காம எறக்க மாட்டாரே."

தேன்மொழி கண்ணைத் துடைத்தாள். அந்தத் துடைப்பில் ஏதோ மாறியது, மச்சான். அடுத்து அவள் பேசியது உன் குரல். மார்ச் மாதத்தில், மூட்டை வந்து குவிகிற நாளில், வியாபாரியிடம் நீ பேசுவாயே, அந்தக் குரல்.

"வைக்கணுங்க சார். கொசுறு என்னன்னு மண்டிக்காரங்கதானே முடிவு பண்ணணும்?"

"ஆமாம்மா."

"அதுல யாரும் வாயத் தொறக்கக் கூடாது, இல்லீங்களா?"

"அதான வழக்கம்."

"அப்பச் சரி. இந்த வருசக் கொசுறு ரேவதியோட படிப்புங்க. அந்தச் செலவையும் மண்டி பாத்துக்கும். உங்க பையனுக்கு அகராதி இருக்குது, அதையும் வெச்சிர்றேன்."

அகராதி ஏறியதும் விக்னேஷின் பக்கம் லேசாக மேலே போனது. தலைமையாசிரியர் முள்ளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அந்தப் பொண்ணு ஜெயிச்சிருந்தா கண்டிப்பா கேட்டிருப்பேம்மா. தோத்த புள்ளைக்குக் குடுத்தா எப்படிக் கேக்கறது? நீ முனிரத்தினம் பொண்ணுதான்."

கேட்டாயா? ஜெயித்தால் சந்தேகம், தோற்றால் நியாயம். நீ இத்தனை வருஷம் சட்டம் போட்டுக் காப்பாற்றிய தராசின் மானத்தை, உன் மகள் ஒரு கேள்வியைக் கெடுத்துக் காப்பாற்றிவிட்டாள். மாதம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை மண்டி முதன்முறையாகப் பார்த்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தட்டி முடித்த புளியையே மறுபடி தட்டிக்கொண்டிருந்தாள். ஓசூர்ப் பேச்சு அதன் பிறகு அந்த வீட்டில் எழவில்லை என்று சரோஜா சொல்கிறாள். ரேவதி எந்தக் கல்லூரி என்பதுதான் இப்போது தகராறு.

கூட்டம் கலைந்து, மாலை வெயில் மண்டிக்குள் சாய்ந்தபோது நாங்கள் சிலர்தான் இருந்தோம். தேன்மொழி நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"மாமா, அந்தக் கேள்விய முழுசா ஒருக்கா படிங்க."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொடக்கத்திலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அவள் கேள்விக்குறி வரைக்கும் காத்திருந்தாள். சிறு வயது முழுக்க அவளால் முடியாத காரியம் அது. முடித்ததும் மெதுவாகச் சொன்னாள், அதே கல்லு போதும் என்று.

"சரியான விடை" என்றேன் மைக்கில். மைக்கை எப்போதோ அணைத்திருந்தார்கள்.

சரோஜா, முழங்கால் வலிக்காரி, உன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தராசில் உட்கார வைத்தாள். "ஐயோ அத்தை, விடுங்க, யாராச்சும் பாத்துருவாங்க" என்று கூச்சலிட்டுக்கொண்டே ஏறிக்கொண்டாள். மறு தட்டில் வைக்கப் புத்தகம் தீர்ந்திருந்தது, புளி தீரவில்லை. மாதம்மா மூட்டையை உருட்டிவிட்டாள். பிறகு கூடையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகப் புளி. முள் நேரானதும் தேன்மொழி, உன் ரத்தம் எங்கே போகும், "சாக்குக்கு ஒரு கிலோ கழிங்க்கா" என்றாள்.

"புள்ளைக்கு ஏது கழிவு?" என்று மாதம்மா இன்னும் ஒரு கைப்பிடியை அள்ளிப் போட்டாள். உன் மகள் கால் தொங்க, மேலே எழும்பி ஆடினாள். நான் உன் படத்தைப் பார்த்தேன். நீ எங்கள் யாருடைய எடையையும் சந்தேகப்படவில்லை. வெயில் கண்ணாடியில் பட்டிருந்தது, அதனாலும் இருக்கலாம்.

நீ இருக்கும் இடத்தில் எடை என்று ஒன்று உண்டா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலைப்படாதே. நீ இங்கே விட்டுப் போன கல் அங்கேயும் சரியாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். அடுத்த ஆடியிலும் தராசு ஏறும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறும். நான் கேள்வி வாசித்து முடிக்கும் வரை, உன் மகளின் வாயில் ஒரு பெரிய புளி உருண்டை இருக்கும்படி நானே முன்னால் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

கழிவு போகாத அன்புடன்,
உன் தங்கையைக் கட்டிக்கொண்டு, உன் மைக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட
உன் மச்சான்